பென்சிலில் மாறும் மாவட்டங்கள்

மாநாட்டில் ஏழாம் சுற்று வரை
லெனோர் ரௌட்டியோதான் முன்னால்.
இரவு ஏதோ ஒரு ஹோட்டல் அறையில்
மூன்று மாநிலங்கள் கைமாறின.
மறுநாள் பலூன்களுக்கு அடியில்
கார்ல்டன் வான்டைன் கையசைத்தான்.
குளிர்காய்ச்சிய கை இல்லை அது,
குளிரே பார்க்காத கை.

நவம்பரில்
மிச்சிகனின் வடகோடியில், எங்கள் ஏரிக்கரையில்,
ஒன்பது மாவட்டங்களில் ஏழு போயின.
எங்களுடையது முப்பத்தெட்டு வாக்கில்.

வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்து
மகளின் வர்ணப் பென்சிலால்
தோற்ற ஊர்களை மறுபடி தீட்டுகிறேன்.
அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா.
தெரியும்.
ஆனாலும் மீசை வரையப்
பென்சில் கையில் இருக்கிறது.

அவள் நின்றிருந்தால்
ஆல்டர் க்ரீக் நம்முடையது:
அவள் அப்பா மூன்று விரல்களை விட்டுவந்த
சுரங்கம் அந்த ஊரில்தான்.
மரம் வெட்டுகிறவர்களின் முகாம்களில்
பாதியாவது வந்திருக்கும்,
ஃபின்னிஷில் திட்டத் தெரிந்தவளுக்காக.
போலந்துக்காரர்களின் தேவாலயத்துக்குப் பின்னால்
இரண்டு தெருக்கள்...
அவள் விவாகரத்தானவள்.
அழிக்கிறேன்.
ரப்பர் பட்ட இடத்தில்
காகிதம் நைந்து, மேசை மரம் தெரிகிறது.

தெற்கே போகப் போகக் கை தயங்குகிறது.
வான்டைனை நம்பிய வங்கித் தெருக்கள்,
புல்வெளி நறுக்கிய புறநகர்கள்,
அவளுக்கு வாசல்கதவு திறந்திருக்குமா?
குட்டைப் போர்வை இந்த நாடு.
வடக்கே தலையை மூடினால்
தெற்கே கால் விறைக்கிறது.
கூட்டிப் பார்த்தேன், இரண்டு தடவை.
மாநிலம் ஒருமுறை கிடைத்தது,
ஒருமுறை கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரி இரவுப்பணி முடிந்து
ஐலி வந்தாள்.
பூட்ஸைக் கழற்றாமலே
மேசைமேல் குனிந்து பார்த்தாள்.
"எல்லாம் தீட்டிவிட்டாய்.
நம் ஊரை மட்டும் ஏன் வெள்ளையாக விட்டிருக்கிறாய்?"

அந்தச் செவ்வாய்க்கிழமை
பள்ளிக்கூடத்தை மூன்று தடவை கடந்து போனேன்.
வாசலில் பன்னிரண்டு கார்கள்.
என் வண்டியில் அவள் தம்பி வெர்னர்,
அவனுடைய இரண்டு பையன்கள்,
இருவருக்கும் அதுதான் முதல் தேர்தல்.
"அந்த ஆளுக்கா?" என்றான் வெர்னர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஹார்ட்வேர் கடைக்குத் திருப்பினேன்.
கூரைப் பனி வழிக்க
நீளக் கைப்பிடி வைத்த மண்வெட்டி ஒன்று வாங்கினோம்,
தள்ளுபடி விலையில்.

முப்பத்தெட்டில் நான்கு போனால்
முப்பத்து நான்கு.
அந்தத் தெருவில் அன்று திரும்பிய வண்டிகளை
யாரும் எண்ணவில்லை.

"அவள் நின்றிருந்தால்
போயிருப்பாயா?" என்றாள் ஐலி.

"பனி பெய்துகொண்டிருந்தது."

"அன்றைக்குப் பெய்யவில்லை"
என்று சொல்லிவிட்டு
ஒவ்வொரு விரலாகக்
கையுறையைக் கழற்றினாள்.