வெள்ளம் உண்டுமா

நாகர்கோவிலில் எனக்கு அது முதல் ஐப்பசி.
தருமபுரிக்காரன்.
எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் ஆடுமாடு போகும்,
அதுவும் தாத்தா காலத்தில் ஒருமுறை.

வடிவீஸ்வரத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
"ஆறு நாளாச்சு சார், வெள்ளம் வரல்ல."
நல்லதுதானே என்று
புகாரை முடித்துவைத்தேன்.

பதிவேட்டைப் பார்த்த உதவிப் பொறியாளர் ஜெனோவா
சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.
"இங்க குடிக்கியதும் வெள்ளம்தான்,
வீட்டுக்குள்ள கேறியதும் வெள்ளம்தான்."

மூன்றாம் நாள் மழை.
தெருத் தண்ணீரில் கம்பி அறுந்து கிடக்கிறதென்று
மின்சாரத்தை நிறுத்தச் சொன்னது நாங்கள்தான்.
பம்பும் நின்றது.
லாரியில் அனுப்பலாம் என்றால்
ஒழுகினசேரியில் சாலையைக் காணோம்.
ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல்
குப்பை வண்டிக்கு வைத்திருந்தது.
அள்ளாத குப்பை ஓடையில்,
ஓடை பள்ளிக்கூடத்தில்,
பள்ளிக்கூடத்தில் நாங்களே கொண்டுபோய் இறக்கிய
நாற்பத்தியொரு குடும்பம்.
மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல்.
கொதிக்கவைத்த தண்ணீர் கொடுங்கள் என்கிறார் டாக்டர்.
எந்தத் தண்ணீரை?

பதிவேட்டில் ஏழு கட்டம்.
ஒரு புகார் ஒரு கட்டத்தில்தான் நிற்க வேண்டும்.
என் பேனா கோட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தது.

இரவு பதினொன்றரைக்குக் குளத்தங்கரையிலிருந்து செய்யதலி:
"ஷட்டரத் தொறந்தா தெரு பிழைக்கும்,
கும்பப்பூ நாத்து போவும். சொல்லுங்க."
குளம் பொதுப்பணித் துறை.
தெரு மாநகராட்சி.
வயல் பஞ்சாயத்து.
மழை யாருடையது என்று கேட்க ஓர் எண் கொடுத்திருந்தார்கள்,
அது வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது.

ஜெனோவா நெற்றியைத் தேய்த்தார்.
அவர் அண்ணன் வயல் அந்தப் பக்கம் என்பது
பிறகுதான் தெரியும் எனக்கு.
"நாலு இஞ்சு தூக்கச் சொல்லுங்க."
நாலு இஞ்சு
எந்த அரசாணையிலும் இல்லை.

விடிந்தபோது தெருவில் முழங்கால்,
வயலில் முழங்கால்.
இரண்டு பக்கமும் திட்டினார்கள்,
ஒரே கெட்ட வார்த்தை.

நாலேமுக்காலுக்கு இடலாக்குடியிலிருந்து
வயசான குரல், புகார் ஏதும் இல்லை போல.
"பிள்ளே, அங்க உங்களுக்கு வெள்ளம் உண்டுமா?"

கீழே பார்த்தேன், பேன்ட் முட்டிவரை ஈரம்.
மேசையில் கூஜா கவிழ்ந்து கிடந்தது,
உள்ளே ஒரு சொட்டும் இல்லை.

"கதவு எண் சொல்லுங்க" என்றேன்.