நாற்பத்தொன்றாம் பக்கம்

ஆய்வுக்குழு வருவதற்குப் பதினோரு நாள் முன்பு
ஆளுக்கொரு புத்தகம் தந்தார் முதல்வர்.
ஏதோ குளிர்நாட்டில் அச்சானது.
'குழந்தை மண்ணைத் தொடட்டும்' என்றது
நாற்பத்தொன்றாம் பக்கம்.
மழைக்கோட்டு போட்ட ஐந்து பேர்
சேற்றில் சிரிக்கும் படம்.

ஷார்ஜாவில் அன்றைக்கு நாற்பத்துமூன்று டிகிரி.
மைதானத்துக் கதவைப் பூட்டியிருந்தோம்.
சுற்றிலும் பாலைவனம்;
நாங்கள் மணலுக்கு ஆர்டர் போட்டோம்.
கழுவிச் சலித்துக் கிருமி நீக்கிய
இருபது கிலோ மூட்டை
ரசீதோடு வந்து இறங்கியது.

ஒரு தொட்டி, முப்பத்திரண்டு பேர்.
ஆளுக்கு நான்கு நிமிடம் என்று முறை வைத்தேன்.
முப்பத்திரண்டைப் பற்றி
புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

சேர்ந்த நாளிலிருந்து வாய் திறக்காத ருஷ்தா
தொட்டிப் பக்கமே போகவில்லை.
ராத்திரிப் புழுதிக்காற்று
ஜன்னல் விளிம்பில் விட்டுப்போன தூசியில்
ஒரு பெட்டி, கீழே இரண்டு சுழி.
"மிஸ், இது எங்க பஸ்."

துணியோடு வந்த சுமனா அக்காவைக்
கை காட்டி நிறுத்தினேன்.

பத்தரைக்கு வந்த அதிகாரி
அதே விளிம்பில் விரலால் தடவிப் பார்த்துக்
குறித்துக்கொண்டார்:
தூய்மை, மேம்பட வேண்டும்.

முன்சக்கரம் அவர் விரலோடு போயிற்று.
ருஷ்தா
இன்னொன்று வரைந்தாள்.