இரண்டு கிலோமீற்றர்

பெப்ரவரியில அனுப்பினது.
கிறேபெல்ட் தெருவில
லின்டன் மரம் பூத்துக் கொட்டியும் முடிஞ்சுது.

அறுநூற்றுப் பதினாலு யூரோ.
உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு எண்டு நான்,
சுகிர்தன்ர பல்லுக் கம்பிக்கு எண்டு இவர்.
வராத காசுக்கு மூண்டு நாள் கதையில்லை.

வரிக் கந்தோருக்கு அடிச்சால் அதே பியானோ.
கோப்பை எல்லாம் கழுவி முடிச்சிட்டன்,
அது முடியேல்ல.
பிறகு ஒரு குரல்:
"பரிசீலனையில் இருக்கிறது."
உலை அடுப்பில எண்டு சொல்லுறமாதிரி.
அடுப்பே பத்தேல்ல, எனக்குத் தெரியும்.

நேற்றுக் கடிதம்.
வேலைக்குப் பதினொரு கிலோமீற்றர் என்கிறீர்கள்,
எங்கள் வரைபடத்தில் ஒன்பது.
மிகுதி இரண்டுக்கும் விளக்கம் தருக.

விடிய நாலரைக்கு
அந்தப் பூங்காவுக்கு நடுவால
சைக்கிள் விட்டுப் பாருங்கோ, திருமதி பெக்மான்.
லைட் இல்லை. வாங்கில ஆரோ இருப்பான்.
ஒருநாள் எழும்பினான்.

அண்டு தொடக்கம் சுத்தித்தான் போறன்.

விளக்கத்துக்கு விட்ட இடம் ஒரு வரி.
"பாதை இருட்டு" எண்டு எழுதினன்.
கீழே இன்னொரு கட்டம்:
ஆதாரம் இணைக்கவும்.

பேனை கையில கிடக்கு.