நான்காவது பிரதி

பத்தாம் தேதி சம்பளம்.
பதினோராம் தேதி சனிக்கிழமை.
இதற்குமேல் நான் என்ன சொல்லித் தப்பிக்க?

பொஸ்னான் நகரில் டிராம் ஓட்டுகிறேன்.
ஓய்வு நாளில் அதே டிராமில் பயணியாய் ஏறி
கடைசி நிறுத்தத்துக்கும் அப்பால்
பழைய சாமான் சந்தைக்குப் போனேன்.
பனி கரைந்து சேறு.
தார்ப்பாய்மேல் பிடியில்லாத கெண்டி,
யாருடையதோ பல்செட், படைவீரன் பெல்ட்,
அப்புறம்
லுபோமிரின் மூன்று வாழைப்பழ அட்டைப்பெட்டிகள்.

எல்லாவற்றையும் மேசையில் பரப்பியிருக்கிறேன்.
சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு நீங்களும் பாருங்கள்.

விண்வெளிக் காமிக்ஸ், ஆறாம் இதழ்.
ஐந்தில் கதவைத் திறந்த விமானி
ஏழில் ஒற்றைக் கையோடு நிற்பான்.
நடுவில் நடந்தது
பதினெட்டு வருடம் கழித்து நேற்றுத் தெரிந்தது.
நான் நினைத்து வைத்திருந்ததே
நன்றாக இருந்தது.

நாலாம் இதழும் ஒன்று. வீட்டில் ஏற்கெனவே இரண்டு.
அட்டை கிழியாத நாலு கண்ணில் பட்டால்
கை சும்மா இருக்குமா?

மஞ்சள் கார்ட்ரிட்ஜ்.
மேலே தொண்ணூற்றொன்பது விளையாட்டுகள் என்று பொய்.
உள்ளே நாலுதான். அவையே
பெயர் மாற்றி நிறம் மாற்றி வந்துகொண்டிருக்கும்,
பந்தியில் சட்டை மாற்றிக்கொண்டு
இரண்டாம் முறை உட்காருகிறவர்கள் போல.
பன்னிரண்டு வயதில் ஏமாந்த அதே பொய்யை
மும்மடங்கு விலைக்கு வாங்கினேன்.

பலகை விளையாட்டு ஒன்று. கலங்கரை விளக்கங்கள்.
ஒரு கப்பல் குறைகிறது.
அதன் இடத்தில் யாரோ
பிளம்ஸ் கொட்டையைக் கழுவிக் காயவைத்துப்
போட்டு வைத்திருக்கிறார்கள்.
நேற்றிரவு செஸ்வாஃப் கொட்டையை எடுத்துக்கொண்டு
இரண்டு ஆட்டம் ஜெயித்தார்.

பிறகு, இதோ, படம்.
இது நான்காவது பிரதி.
சிரிக்காதீர்கள்.

எங்கள் ஊரின் அந்தக் கால வீடியோ நாடாக்களில்
யார் பேசினாலும் ஒரே ஆண்குரல்தான்.
அடியில் வேற்றுமொழி முணுமுணுக்கும்.
நாயகி அழுவாள், அவர் வாசிப்பார்.
கொலைகாரன் கத்துவான், அவர் வாசிப்பார்.
உன்னை விட்டு எப்படி வாழ்வேன் என்பதையும்
குண்டு வெடிக்க ஒரு நிமிடம் என்பதையும்
அடுத்த நிறுத்தம் ரயிலடி என்பது போல.

இந்தப் படத்தில், நாற்பத்தேழாவது நிமிடத்தில்,
பாலைவனத்தில் இருவர் பிரியும் இடத்தில்,
அவர் தும்மிவிடுவார்.
யாரும் வெட்டவில்லை.
நேரமில்லையோ, காசில்லையோ.
உடனே, ‘மன்னிக்கவும்.’

அந்த மன்னிக்கவும் அவருடையதா,
நாயகி சொன்னதை அவர் வாசித்ததா?
கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து
எங்கள் வீட்டில் இது முடியாத வழக்கு.

முதல் பிரதியை இயந்திரம் தின்றது.
இரண்டாவது, மெருகேற்றிய வட்டு.
மணல் ஒவ்வொன்றாய்த் தெரிந்தது. தும்மல் இல்லை.
மன்னிப்பும் இல்லை.
வழக்கு தீர்ந்தது என்றேன்.
புது மொழிபெயர்ப்பு, சாட்சியாகாது என்றார் செஸ்வாஃப்.
மூன்றாவது, பெட்டிப் பதிப்பு,
ஆறு அஞ்சலட்டைகளோடு.
வாசிப்பவன் இளைஞன். மூக்கில் ஒரு குறையும் இல்லை.

நான்காவதின் உறையில் வேறு படத்தின் பெயர்,
பேனாவால் அடித்துத் திருத்தியது.
‘ஓடுமா?’
‘ஓடினால் ஓடும்,’ என்றார் லுபோமிர்.
பன்னிரண்டு ஸ்வோத்தி.

ஓடியது.
நாற்பத்தாறில் கோடு கோடாய் விழுந்து
பாலைவனத்தில் மழை.
செஸ்வாஃப் கரண்டியைக் கீழே வைத்தார்.
நாற்பத்தேழில்
தும்மல்.

‘நூறு வயசு!’ என்றோம் இருவரும்,
எங்கே இருக்கிறாரோ,
இருக்கிறாரோ,
பெயரே தெரியாத அந்த மூக்குக்கு.

பிறகு, ‘மன்னிக்கவும்.’

‘போகுஷா, ரீவைண்ட் பண்ணு.
அவளுடையதுதான். உதடு அசைகிறது பார்.’
‘இந்த மழையில் உதடாவது,’ என்றேன்.

காலை நாலரைக்கு முதல் டிராம் எனக்கு.
மணி பன்னிரண்டாகிறது.
நாற்பத்தாறிலிருந்து மறுபடி போடுகிறோம்.