முயல் குரல்

பதினொரு கோழி போன பிறகுதான்
நரி பிடிப்பதென்று முடிவெடுத்தோம்,
நானும் றெக்சனும்.
இரண்டு பேருக்கும் கடல் தெரியும்.
மணல் தெரியாது.

துவக்கு இல்லை.
துவக்கு என்ற சொல்லையே
மணற்காட்டில் இன்னும் யாரும்
சத்தமாகச் சொல்வதில்லை.
கிழிந்த திருக்கை வலை ஒன்று,
இரண்டு மண்வெட்டிப் பிடி,
கோயில் பெருநாளுக்கு வாங்கிய ஸ்பீக்கர்,
அவனுடைய போனில்
முயல் அழுகிற சத்தம்.
கால் உடைந்த முயல். முப்பது செக்கன்.
திரும்பத் திரும்ப.

காணி ஆற்றை என்று கேட்டேன்.
அரசாங்கத்தின்ர, என்றான்,
அப்ப எல்லாருக்கும்தானே.
வனத்திணைக்களப் பலகையில் மூன்று மொழி.
உப்புக்காற்று இரண்டைத் தின்றிருந்தது.
மிஞ்சியது
எங்களுக்கு வாசிக்கத் தெரியாதது.

சவுக்குகள் முடிகிற இடத்தில்
மணல்மேடு முதுகு காட்டிப் படுத்திருந்தது.
காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு இருக்கவேணும்,
எங்கள் வியர்வை நரியின் மூக்குக்குப் போகக்கூடாது.
இதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
சோளகம் எப்போது விழும்,
கச்சான் எந்நேரம் திரும்பும்
என்பதெல்லாம் வயிற்றுக்கே தெரியும்.
ஆனால் கடலில் காற்று ஒரு சொல்லில் நிற்கும்.
இங்கே மேட்டில் முட்டி
பள்ளத்தில் சுழன்று
பின்கழுத்தில் வந்து தொட்டது.
மணல் அள்ளித் தூவிப் பார்த்தேன்.
மூன்று தரம், மூன்று திசை.

அசையாதே என்றான் றெக்சன்.
அவன் பூசியிருந்த நுளம்புத் தைலத்துக்கு
நரிக்கு முன்னமே
எனக்குத் தும்மல் வந்தது.

பிறகு முயலை அழவிட்டோம்.

ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை.
தூரத்தில் நாய்கள்.
பிறகு நாய்களும் இல்லை.
சவுக்குகளுக்கு இடையில்
ஒரு வெளிச்சம் குதித்துக் குதித்து வந்தது.
நரி டோர்ச் கொண்டு வராது, என்றான்,
சிரிக்கப் பார்த்து.

கொன்சலா அக்கா.
வெறுங்கால், தோளில் ஈரத் துவாய்,
கடைசி வீட்டிலிருந்து ஓடிவந்த தூரம் முழுக்க
மூச்சில் இருந்தது.
"ஆற்றை பிள்ளை?
எங்கை விழுந்து கிடக்குது?"

ஸ்பீக்கர் இன்னும் அழுதுகொண்டிருந்தது.
றெக்சனின் விரல்
நிறுத்தும் இடத்தைத் தேடித் தேடி
திரையில் வழுக்கியது.

முயல் அக்கா, என்றேன்.
முயலின்ர சத்தம்.

வெளிச்சத்தை எங்கள் முகத்தில் அடித்தாள்,
பிறகு வலையில்,
பிறகு ஸ்பீக்கரின் வாயில்.
"முயல்" என்று
ஒருதரம் தனக்குச் சொல்லிப் பார்த்தாள்.
அவளுக்குக் கேட்டது
எந்த ஆண்டின் பிள்ளை என்று
நாங்கள் விசாரிக்கவில்லை.
இந்தக் கரையில்
ஆண்டுகளுக்குப் பஞ்சமில்லை.

இருந்தாள். குதியில் ஏறிய முள்ளைத்
தானே பிடுங்கினாள்.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
எழும்பும்போது சொன்னாள்:
"கூட்டுக் கதவுக்கு ஒரு கொக்கி போட்டால் என்ன?
நாலு ஆணி காணும்."

விடிய வலை எடுக்கப் போனேன்.
நாங்கள் இருந்த இடத்துக்குப் பின்னால்,
பன்னிரண்டு பாகம் இருக்கும்,
மணலில் ஒரு குழிவு.
குந்தியிருந்த பின்பக்கம்,
இரண்டு முன்கால்,
வால் ஒருதரம் கூட்டிய கோடு.
காற்றை எங்களிடமிருந்தே வாங்கிக்கொண்டு
எல்லாம் பார்த்திருக்கிறது.

அங்கிருந்து சுவடு நேரே போகவில்லை.
அக்கா திரும்பிப் போன தடத்தில் ஏறி,
அவளுடைய ஒவ்வொரு காலடிக்குள்ளும்
தன் காலை வைத்து,
கடைசி வீட்டு வேலி மட்டும் போய்
நின்றிருக்கிறது.
பிறகு கடல் பக்கம்.

பருத்தித்துறையில் கொக்கி வாங்கினேன்.
ஆணி எத்தனை அங்குலம் என்று
கடைக்காரர் இரண்டுதரம் கேட்கவேண்டி இருந்தது;
காதுக்குள் மணல்.

றெக்சன் அந்தச் சத்தத்தை இன்னும் அழிக்கவில்லை.
போனைக் கையில் தந்து
நீயே அழி, என்றான்.
வாங்கிப் பார்த்தேன்.
முப்பது செக்கன்.
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.