பன்னிரண்டு மில்லி

கோழிகள் விற்றுப்போன கொட்டகையில்
ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளைக் கணவாய்க் காற்று
தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருக்கிறது.
வேலந்தாவளத்தில் ஆடி மாதம்
யாரும் மெதுவாகப் பேசுவதில்லை.

"பிடிச்சிருக்கியா?"
"பிடிச்சிருக்கேன்!"

வலது இறக்கையின் ஓரத்தில்
எய்லரானை இரு கையாலும் பற்றியபடி சவரிநாதன்.
இருக்கையில் நான்.
குச்சியை இடப்பக்கம் தள்ளுகிறேன். டக்.
வலப்பக்கம். டக்.
இறக்கைக்குத் தெரியாமல்
குச்சியின் நுனி மட்டும்
பன்னிரண்டு மில்லி போய் வருகிறது.

தரையில் இது ஒன்றுமே இல்லை.
எங்கள் லூனாவின் ஹேண்டில்பார்
இதைவிட ஆடும்,
கொழிஞ்சாம்பாறை வரைக்கும் அதில்தான் முட்டை போனது.
மேலே அப்படி இல்லை.
காற்று கேட்டு முடித்து
அடுத்த கேள்விக்குப் போனபிறகுதான்
என் கை பதில் சொல்லத் தொடங்கும்.

கழற்றினேன்.
ஆறு மில்லி போல்ட்.
வட்டமாகத் துளைத்த துளை
முட்டையாகியிருந்தது.
குச்சியின் அடியில் ஒன்று, தண்டின் முனையில் ஒன்று,
இறக்கைக்குள்ளே முழங்கை போல மடங்குமிடத்தில் ஒன்று,
கடைசியாக எய்லரானின் கொம்பில்.
நாலும் தலைக்கு ஒரு முடி அளவு திருடி
நுனியில் சேர்த்து வைத்திருக்கின்றன.

கணபதியில் லேத் வைத்திருக்கும் வேணுசாமி
"போர் பம்புக்கா?" என்றார்.
"ஆமாங்க."
உக்கடம் பஸ்ஸில், மாத்திரை டப்பாவில்,
பஞ்சுக்குள் வந்து சேர்ந்தன
நாலு வெண்கலப் புஷ்கள்.

ரீமரைப் பின்னால் திருப்பக் கூடாது.
தெரியும்.
தெரிந்தே ஒன்றைக் கெடுத்தேன்,
பொரிச்ச மீன் வாசம் வந்த நேரத்தில்.
மறுபடி பஸ், மறுபடி பஞ்சு.

பன்னிரண்டு ஏழானது. ஏழு நாலானது.
நாலு அசையவில்லை.
வாஷர் மாற்றினேன், போல்ட் மாற்றினேன்,
நட்டை இறுக்கியதில் குச்சி
சிமெண்டில் நட்ட கம்பம் போல நின்றது.
கால் சுற்றுத் தளர்த்தினேன்.
"பிடிச்சிருக்கியா?"
"பிடிச்சுத்தான்டி இருக்கேன்!"
டக்.

சவரி பால் சொசைட்டிக்குப் போன விடிகாலை,
இரண்டு பலாக்கட்டைத் துண்டு, பழைய சேலைக் கிழிசல்,
ஒரு ஜி கிளாம்பு.
எய்லரானை இறக்கையோடு சேர்த்து இறுக்கிவிட்டு
உட்கார்ந்து தள்ளினேன்.

ஒன்றும் இல்லை.
இன்னொரு தடவை.
ஒன்றுமே இல்லை.

நான் தள்ளும்போதெல்லாம்
ஒரு நெல்லளவு விட்டுக்கொடுத்திருக்கிறது
அவன் பத்து விரலும்.
அவனுக்கே தெரியாது.
இந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூட
'பயமா இருக்கு' என்று அவன் சொன்னதில்லை.

கட்டைகளை ஆணிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.
கேன்களை இறக்கிவிட்டு வந்தவன் கேட்டான்:
"போயிருச்சா?"
"போயிருச்சு."
"எதுல இருந்துச்சு?"
"கடைசி மூட்டுல."

கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு
இறக்கை ஓரத்துக்குப் போனான்.
"எதுக்கும் இன்னொருக்கா பாத்துரு. பிடிக்கிறேன்."

தள்ளினேன், மெதுவாக.
டக்.
"சத்தம் இல்லைல்ல?" என்றான் காற்றுக்கு மேலே.
"இல்லை" என்றேன்.