பந்தி வஞ்சனை

நொடிக்கு ஆயிரம் பந்தி.
முப்பத்தொன்பதாம் எண் கோபுரத்தில்
பரிமாறுவது ஒரு சூத்திரம்.
அதை எழுதியவள் நான்,
குத்தாயிசியில், ஆறிப்போன காபியோடு.

கோபுரத்தடியில் விடுதி.
பால்கனியில் போலந்துக்காரர் ஒருவர்
புல்லின் நுனி தெரியக் கால்பந்து பார்க்கிறார்.
சிக்னல் நிறைவு. ஒரே அள்ளில்
முழுச் சட்டியும் அவர் இலைக்குப் போய்விடும்.
கணவாய்க்கு அந்தப் பக்கம் நாசிப்ரோலா.
சரிவில் ஏறிக் கையை உயர்த்தினால் ஒரு கோடு,
சில நேரம் அதுவும் இல்லை.
அவளுக்கு நீட்டும் கரண்டியில்
பாதி காற்றிலேயே சிந்தும்.

சிந்தாத இலைக்கே போடு என்றது பழைய சூத்திரம்.
மொத்தக் கணக்கில் நிறையப் பரிமாறியதாக வரும்.
வந்தது. மாத அறிக்கை முழுக்கப் பச்சை.

பிறகு அந்தப் புகார்:
'ஆம்புலன்ஸுக்கு ஊர்ப் பெயரை மூன்று தடவை சொன்னேன்.
மூன்று தடவையும் முதல் எழுத்தோடு அறுந்தது.
மாமனாரை மாட்டுச் சறுக்குவண்டியில் இறக்கினோம்.
அழைப்புக் கட்டணம் எண்பது தெத்ரியைத்
திருப்பித் தரவும்.'
வேறெதுவும் கேட்கவில்லை.

அன்றிரவு ஒரு வகுத்தல் குறி சேர்த்தேன்.
இப்போது கிடைக்கக்கூடியதை
இதுவரை கிடைத்ததால் வகு.
உண்டவர் தானாகப் பின்னே போவார்.
காத்திருந்தவள் மில்லிநொடி மில்லிநொடியாக
முன்னே நகர்வாள்.
இது எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல.
அப்படியும் செய்து பார்த்தேன், இருபது நிமிடம்:
அவள் இலையை நிரப்பவே சட்டி காலியாகி
பள்ளத்தாக்கு முழுக்கப் பட்டினி.

விடுதியிலிருந்து ஒற்றை நட்சத்திரம்:
'கோல் விழுந்தபோது பந்து மங்கல்.'
மேலாளர் ஜும்பெரி அழைத்தார்,
சராசரி வேகம் ஒன்பது சதவீதம் இறங்கியிருக்கிறதே, மக்வாலா?
சராசரிக்கு மாரடைப்பு வராது
என்று சொல்ல வாயெடுத்து
'பார்க்கிறேன்' என்றேன்.
திங்கட்கிழமை பேசலாம் என்றார்.

இன்று வியாழன். பதிவேட்டில் ஒரு வரி:
கணவாய்க்கு அந்தப் பக்கம், இரவு இரண்டு பதினான்கு,
பன்னிரண்டு நிமிடம், அறுபடாத அழைப்பு.
ஆம்புலன்ஸ் எண் இல்லை.
என்ன பேசினாள், தெரியாது. தெரியவும் கூடாது.
ஏதோ சும்மா பேச்சாகக்கூட இருக்கலாம்.
நடுவில் நாற்பது நொடி
இரு பக்கமும் யாரும் பேசவில்லை.
அந்த மௌனமும்
சேதமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

திங்களுக்கு இன்னும் நான்கு நாள்.
காபியைச் சூடாக்கப் போகிறேன்.